‘இன்னும் எத்தனை முறை மன்னிப்புக் கேட்பது?’

கேள்வி: எனக்கு வயது 51. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். படுத்த படுக்கையாகிவிட்ட எங்கள் அப்பாவை இரண்டு ஆண்டுகள் அக்காதான் உடனிருந்து பார்த்துக்கொண்டார். நான் வெளியூரில் வேலையில் இருந்ததால் பணம் அனுப்புவேன், மாதம் ஒருமுறை வந்து போவேன். அப்பா காலமான மறுவாரம் உறவினர்கள் கூடியிருந்தபோது வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. வாக்குவாதத்தில், ‘இந்த வீட்டுக்காகத்தானே அப்பாவை இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டாய்’ என்று கேட்டுவிட்டேன். சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். அக்கா எழுந்து போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து, ‘நான் பேசியது மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு அக்கா, அப்பா போன துக்கத்தில் பேசிவிட்டேன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘சரி’ என்று பதில் வந்தது. அதன்பின் நேரிலும் தொலைபேசியிலும் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ‘அதுதான் சரி என்று சொல்லிவிட்டேனே, விடு’ என்கிறார். ஆனால் அவராக அழைப்பதில்லை, வீட்டுக்கு வருவதில்லை. ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. வீட்டைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவாகியும் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. அப்பாவின் அறையை ஒழிக்கும்போது, இரவில் எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தார், எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தார் என்று அக்கா எழுதிவைத்திருந்த நோட்டு கிடைத்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான்கு மாதத்தில் என் மகளுக்குத் திருமணம். அக்கா முன்னால் நின்று நடத்த வேண்டும் என்பது என் ஆசை. ‘இதற்குமேல் எத்தனை முறை கெஞ்சுவீர்கள்?’ என்கிறாள் மனைவி. மன்னிக்கவே தெரியாத ஒருவரிடம் இன்னும் எத்தனை முறை மன்னிப்புக் கேட்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இனி ஒருமுறை கேட்டால் போதும். ஆனால் இதுவரை கேட்ட எதையும் கணக்கில் சேர்க்க முடியாது. கடுமையாகத் தோன்றலாம். உங்கள் வருத்தம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதில் அக்காவிடம் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்பதில்தான் சந்தேகம்.

கூடவே, ‘மன்னிக்கவே தெரியாதவர்’ என்று கொடுத்த பட்டத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன். அத்தனை பேர் முன்னிலையில் அப்படியொரு பழி விழுந்தும் அவர் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் செய்திக்குப் பதில் அனுப்பியிருக்கிறார். நீங்கள் அழைத்தால் எடுக்கிறார். வீட்டில் சரிபாதிக்குச் சம்மதித்திருக்கிறார். கறுவிக்கொண்டிருப்பவர்கள் இப்படி நடந்துகொள்வதில்லை. பட்ட இடத்திலேயே மறுபடியும் படாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்.

1990-இல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறர் தங்களைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று, தாங்கள் பிறரைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று என இரண்டை எழுதச் சொன்னார்கள். இரண்டையும் எழுதியவர்கள் ஒரே ஆட்கள்தான். ஆனாலும் சொல்லும் விதம் அடியோடு மாறியது. தவறு செய்தவராக எழுதும்போது அது எப்போதோ நடந்து முடிந்த தனிச் சம்பவம். அதற்குப் புரிந்துகொள்ளக்கூடிய காரணமும் இருந்தது. பாதிக்கப்பட்டவராக எழுதும்போதோ அதற்கு முன்கதை இருந்தது, பின்விளைவு இருந்தது, அது இன்னும் முடியாமலும் இருந்தது. நாம் எல்லோருமே இப்படித்தான். உங்கள் கடிதத்திலும் அன்றைய பேச்சுக்குச் சில வரிகள்தான். அக்காவின் ஒன்றரை ஆண்டு ஒதுக்கம்தான் பெரிதாக இருக்கிறது.

அக்காவின் பக்கம் போய் நின்று பாருங்கள். நீங்கள் சொன்ன வார்த்தை அந்த ஒரு மாலைப்பொழுதோடு நிற்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் மேலும் போய் விழுந்துவிட்டது. அவர் செய்த வேலையில் நீங்கள் குறை சொல்லியிருந்தால், ‘இதோ பார், இவ்வளவு செய்தேன்’ என்று காட்டியிருக்கலாம். நீங்களோ செய்ததன் நோக்கத்தின் மேல் பழி போட்டீர்கள். நோக்கத்தை எடுத்துக் காட்ட முடியாது. எவ்வளவு அதிகம் செய்தாரோ, அத்தனையும் அந்தப் பழிக்கே சாட்சியாகிவிடும். ‘இவ்வளவு செய்திருக்கிறாள் என்றால் சும்மாவா?’ என்று கேட்க எப்போதும் ஓர் உறவினர் இருப்பார். அதனால்தான் அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார் என்று நினைக்கிறேன்.

உங்கள் வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். ‘புண்படுத்தியிருந்தால்’ என்று இழுப்பதில் உள்ள சிக்கல் உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன். ‘துக்கத்தில் பேசிவிட்டேன்’ என்பதுதான் என்னை நெருடியது. துக்கம் உங்களுக்கு மட்டும் வரவில்லை. அப்பாவின் மருந்து, குளியல், உறக்கம் என்று அவரைச் சுற்றியே நாளை அமைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும்? அந்தத் துக்கத்தில் அவர் யாரையும் எதுவும் சொல்லவில்லையே. தவிர, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதே அந்தச் செய்தியில் இல்லை. எதற்காக மன்னிப்பு என்று சொல்லாமலே மன்னிப்பு மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் படிப்பதை நிறுத்திய இடம் வேறு: அந்த நோட்டு. அதைப் பற்றி ஒரு வரி எழுதுகிறீர்கள். அடுத்த வரியில் உங்கள் தூக்கத்துக்குப் போய்விடுகிறீர்கள். அதற்கடுத்து மகளின் திருமணம். நோட்டைப் பார்த்தேன் என்று அக்காவிடம் சொன்னீர்களா? சொன்னதாக எழுதவில்லை.

படுக்கையில் கிடப்பவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வது வழக்கம். பகலில் மட்டுமல்ல, இரவிலும். அப்படியென்றால் அந்த இரண்டு ஆண்டுகளில் அக்கா முழுதாகத் தூங்கிய இரவு எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அதை யாருக்கும் காட்டுவதற்காக எழுதவில்லை. அடுத்து எப்போது எழ வேண்டும் என்று தனக்குத் தெரிவதற்காக, அரைத் தூக்கத்தில் எழுதிய எழுத்து அது. வீட்டுக்கு ஆசைப்பட்டுப் பார்த்துக்கொண்டார் என்று அந்தப் பக்கங்களைப் புரட்டிய எவரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பழிக்கான பதில் முழுவதும் உங்கள் கையிலேயே கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் விழித்துக் கிடக்கிறீர்கள். அதனால் அக்காவுக்கு என்ன பயன்?

‘நான் செய்தது தவறு’ என்ற உணர்வு, செய்ததைச் சரிசெய்யத் தூண்டும். ‘நான் மோசமானவன்’ என்ற உணர்வு, ஒளிந்துகொள்ளவோ எதிராளியைக் குறை சொல்லவோ தூண்டும். குற்ற உணர்வையும் அவமான உணர்வையும் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜூன் டாங்னி போன்றவர்கள் இந்த வேறுபாட்டை விரிவாகவே காட்டியிருக்கிறார்கள். நீங்கள் இப்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். ‘மன்னிக்கத் தெரியாதவர்’ என்ற பட்டம் இரண்டாவதிலிருந்து வந்தது. (தூக்கமின்மை இப்படியே நீடித்தால் அதற்கு ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதை அக்காவின் மன்னிப்போடு முடிச்சுப்போட வேண்டாம்.)

இனி என்ன செய்யலாம்? நேரில் போங்கள். தனியாகப் போங்கள். கையில் திருமண அழைப்பிதழ் இருக்கக் கூடாது. அந்தப் பேச்சே அன்று வரக் கூடாது. ஒன்றரை ஆண்டாக ஆறாதது திருமணம் நெருங்கும்போது மட்டும் அவசரமாகிறது என்றால், தம்பி தன்னைத் தேடி வந்திருக்கிறானா, மேடைக்கு ஆள் தேடி வந்திருக்கிறானா என்று அக்காவுக்குத் தோன்றத்தானே செய்யும்?

என்ன பேசுவது என்று நான் எழுதிக் கொடுத்தால் அது என் மன்னிப்பாகிவிடும். ஆனால் அதில் எவை இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். நீங்கள் சொன்ன அந்த வாக்கியம் அப்படியே, மழுப்பாமல் இருக்க வேண்டும். அது பொய் என்று இருக்க வேண்டும். நோட்டில் பார்த்தது இருக்க வேண்டும்: எந்தப் பக்கம், இரவு எத்தனை மணி, என்ன எழுதியிருந்தது என்பது வரை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதும் இருக்கலாம், ஆனால் ‘துக்கம்’ என்ற சப்பைக்கட்டு வேண்டாம். எனக்கு ஓர் ஊகம் உண்டு. சரியா தவறா என்பது உங்களுக்குத்தான் தெரியும். பெற்றோரைப் பார்த்துக்கொள்வதில் பங்கு குறைந்துபோன பிள்ளை, அதிகம் செய்தவர் மேல் பாய்வதை ஆலோசனை அறையில் அடிக்கடி பார்க்கிறேன். அவர் செய்ததைப் பார்க்கப் பார்க்கத் தன் குறை பெரிதாகத் தெரியும். அதைத் தாங்க முடியாமல், ‘அவளும் சும்மா செய்யவில்லை’ என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மனது சற்று இலேசாகும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்றால் இதைச் சொல்லுங்கள். சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் அவருக்கு நம்பிக்கை தரும்.

சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். சிந்தியா ஃபிரான்ஸ், கர்ட்னி பென்னிக்சன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரமாக வந்த மன்னிப்பைவிடத் தாமதமாக வந்ததே பாதிக்கப்பட்டவருக்கு அதிக நிறைவைத் தந்தது. தாமதத்துக்கு எந்த மகிமையும் இல்லை. இடைப்பட்ட நேரத்தில் தன் மனக்குறையைச் சொல்லவும், அது எதிராளிக்குப் புரிந்திருக்கிறது என்று உணரவும் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது, அதுதான் காரணம். மூன்றே நாளில் வந்த உங்கள் செய்தி அந்த வாய்ப்பை அடைத்துவிட்டது. ‘சரி’ என்பதைத் தவிர அதற்கு அவர் வேறு என்ன எழுதியிருக்க முடியும்?

இந்த முறை அவர் பேசத் தொடங்கினால், நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் தொடங்க மாட்டார். அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்த ஏதோ ஓர் இரவில் உங்களை அழைத்தபோது ‘காலையில் பேசுகிறேன்’ என்று சொல்லி வைத்ததை எடுக்கலாம். வேலையை விட்டதை எடுக்கலாம். சின்ன வயதில் நடந்த ஒன்றைக்கூட எடுக்கலாம். ‘நானும் பணம் அனுப்பினேனே’ என்று உங்களுக்கு நாக்கு நுனிவரை வரும். வரட்டும், வெளியே விடாதீர்கள். தேதி தவறு, ஆள் தவறு என்று திருத்தவும் வேண்டாம். ‘ஆமாம்’, ‘எனக்கு இது தெரியாது’, ‘இன்னும் சொல்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் அழுதால் நீங்கள் அவரைவிட அதிகமாக அழாதீர்கள். மன்னிப்புக் கேட்க வந்தவர் உடைந்து அழுது, காயம்பட்டவர் எழுந்து அவரைத் தேற்றும் வேடிக்கையை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒருவேளை அவர் எதுவுமே பேசாமல் இருக்கலாம். அதையும் ஏற்றுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இதுவரை சொன்னதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. பழி போட்டது சபையில். நீங்கள் கேட்ட மன்னிப்பெல்லாம் தனியில். சித்தப்பாவும் அத்தையும் அவர்கள் பிள்ளைகளும் அன்று கேட்டது கேட்டதுதான். அதன் பிறகு அந்த வார்த்தையை யாரும் அழிக்கவில்லை. எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும், ‘இவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்களோ’ என்ற எண்ணத்தோடுதானே அக்கா உட்கார்ந்திருப்பார்? அவர் உங்களை மட்டும் தவிர்க்கிறாரா, உறவு வட்டத்தையே தவிர்க்கிறாரா என்று கவனித்துப் பாருங்கள். அன்று அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் நீங்கள் பேச வேண்டும். நீண்ட விளக்கம் தேவையில்லை. ‘அன்று அக்காவைப் பற்றி நான் சொன்னது பொய். அப்பாவை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதை உங்களிடம் சொல்லாமல் விட்டது என் தவறு’ என்றால் போதும். ஆனால் அதற்கு முன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பழையதை மறுபடியும் எல்லோர் வாயிலும் போட வேண்டாம் என்று அவர் நினைத்தால், அதை முடிவு செய்யும் உரிமை அவருடையது.

திருமண மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் யோசனை ஏதாவது இருந்தால், தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். இருநூறு பேர் கண்கலங்கிக் கைதட்டும்போது ‘எனக்கு இன்னும் ஆறவில்லை’ என்று சொல்ல யாரால் முடியும்?

‘மன்னித்துவிடு’ என்று கேட்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். ராய் லெவிக்கி என்ற பேராசிரியரின் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்புக் கோருவதில் இருக்கக்கூடிய ஆறு கூறுகளை 755 பேரிடம் மதிப்பிடச் சொன்னார்கள். வருத்தம் தெரிவிப்பது, நடந்ததை விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனிச் செய்ய மாட்டேன் என்பது, ஈடுசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி வேண்டுவது ஆகியவை அந்த ஆறு. தவறு என்னுடையது என்று பொறுப்பேற்பது முதலிடம் பெற்றது. ஈடுசெய்ய முன்வருவது இரண்டாமிடம். மன்னிக்கும்படி வேண்டுவது கடைசி. அவர்கள் எடுத்துக்கொண்டது அலுவலகச் சூழல். அக்கா தம்பி விவகாரம் அதைவிடச் சிக்கலானதுதான். ஆனாலும் அந்த வரிசை எனக்கு நியாயமாகவே படுகிறது. நீங்கள் இத்தனை மாதமாகக் கடைசி இடத்தில் உள்ளதை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அக்கா உங்களுக்கு ஏதோ தரவேண்டியவராகிவிடுகிறார். இரண்டு ஆண்டுகள் கொடுத்துக்கொண்டே இருந்தவரிடம் இன்னொன்றையும் கேட்கிறீர்கள்.

ஈடுசெய்வது என்றதும் பணம் நினைவுக்கு வரும். கவனமாக இருங்கள். ‘நீ செய்ததற்கு இதை வைத்துக்கொள்’ என்று தொகையை நீட்டினால், காசுக்காகத்தான் செய்தார் என்று அன்று நீங்கள் சொன்னதை இன்று நீங்களே உறுதிசெய்தது போலாகிவிடும். அதைவிட, நின்றுபோயிருக்கும் பத்திரப்பதிவை முடியுங்கள். அது உங்களால் தாமதமாகிறதா, அவரால் தாமதமாகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. உங்களால் என்றால் இந்த மாதமே முடியுங்கள். அவர் தன் கைக்காசைப் போட்டு மருந்துக்கும் மருத்துவமனைக்கும் செலவழித்திருந்தால், பிரிப்பதற்கு முன் அது பொதுச் செலவாகக் கழிக்கப்படட்டும். அது கணக்கு, கருணை என்ற பெயரில் அதைக் கொடுக்காதீர்கள்.

அக்காவின் ‘சரி’யைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளர் மன்னிப்பை இரண்டாகப் பிரிப்பார். பழிவாங்க மாட்டேன், முறையாக நடந்துகொள்வேன் என்று முடிவெடுப்பது ஒன்று. உள்ளே இருக்கும் கசப்பு கரைவது மற்றொன்று. முன்னது ஒரே நாளில் நடக்கலாம்; பின்னதற்கு நாள் குறிக்க முடியாது. அவர் வெறும் ஏட்டறிவில் பேசியவர் அல்லர். மன்னிப்பைப் பற்றி ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தவரின் தாயார், 1996 புத்தாண்டையொட்டி வீடு புகுந்த ஒருவரால் கொல்லப்பட்டார். அக்கா முதல் வகை மன்னிப்பை எப்போதோ தந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது இரண்டாவதை. அதைக் கேட்டு வாங்க முடியாது.

உறவினர் யாரையும் தூது அனுப்பாதீர்கள். ‘மூத்தவள் நீ விட்டுக்கொடுக்கக் கூடாதா’ என்று யாராவது கிளம்பினால் நீங்களே தடுத்துவிடுங்கள். லாரா லூச்சீஸ் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2010-இல் காட்டியது இது: தவறு செய்தவர் அதைச் சரிசெய்ய முயன்றபின் மன்னித்தவர்களின் சுயமதிப்பு உயர்ந்தது, எதையும் சரிசெய்யாதவரை மன்னித்தவர்களின் சுயமதிப்பு தேய்ந்தது. பெருந்தன்மை என்று நாம் புகழ்வதற்குச் சிலர் கொடுக்கும் விலை இது. அக்கா உடனே உருகாமல் இருப்பது அவர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம். நான் சொன்னதையெல்லாம் நீங்கள் செய்தபிறகும் அவர் பழையபடி ஒட்டாமல் போகலாம். மன்னிப்பது வேறு, பழையபடி வந்து போவது வேறு. இரண்டையும் சேர்த்தே தர வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. கெஞ்சுவதை நிறுத்த வேண்டியதுதான். கணவர் யார் முன்னாலும் கெஞ்சுவதைப் பார்க்க அவருக்கு எப்படிப் பிடிக்கும்? ஆனால் கெஞ்சுவதும் பொறுப்பேற்பதும் ஒன்றில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். மகளுக்கும் அத்தைக்கும் தனியாக ஓர் உறவு இருக்கிறது. அவள் தன் விருப்பப்படி அழைக்கட்டும். உங்கள் சார்பில் பேச அவளை அனுப்பாதீர்கள்.

அழைப்பிதழை வேறொரு நாளில், மனைவியோடு போய்க் கொடுங்கள். முன்னால் நின்று நடத்தச் சொல்லிக் கேட்க வேண்டாம். ‘நீ வந்தால் எங்களுக்குச் சந்தோஷம், எப்போது வருவது, எவ்வளவு நேரம் இருப்பது எல்லாம் உன் விருப்பம்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் வராமல் போனால், அன்றைக்கு யாராவது கட்டாயம் ‘அக்கா எங்கே?’ என்று கேட்பார்கள். ‘அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘தவறு என்னுடையது’ என்று சொல்லிவிட்டு, கேட்டவரைச் சாப்பிட அனுப்பிவையுங்கள்.